கருக்கலைப்பு விஷயத்தில் எங்கள் வேட்பாளரோடு உடன்படாதவர்களிடம் எப்படி ஓட்டுக் கேட்பது?

சாட்ஸ்வொர்த் தமிழாசிரியை:

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கத்தில் தேர்தலுக்காக வீடு வீடாகப் படியேறிய அனுபவம் உள்ளவர்கள் இங்கே சிலர் இருப்பதால் கேட்கிறேன். சற்று நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

வரும் உள்ளாட்சித் தேர்தலில் எங்கள் வார்டில் ஒரு பெண்மணி சுயேச்சையாக நிற்கப்போகிறார். பெயரை இங்கே போடவில்லை. சமூகப் பணியாளர். முதியோர் உதவித்தொகை திடீரென்று நின்றுபோனால், அந்தத் தாத்தாவையோ ஆயாவையோ தன் காரிலேயே ஏற்றிக்கொண்டு அலுவலகத்துக்குப் போய், வரிசையில் தானும் நின்று, காரியம் முடியாமல் திரும்பாதவர். சுகர்ஸ் என்கிற அந்தப் பாழாய்ப்போன போதைத் தூள் எங்கள் தெருக்களுக்குள் நுழைந்த நாளிலிருந்து, அடுப்படிப் பாத்திரத்தைக்கூட விற்றுவிடும் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்கள் நடுராத்திரியில் கூப்பிட்டாலும் போனை எடுக்கிறவர். சுயேச்சையாக நிற்க அந்த வார்டு வாக்காளர்கள் 50 பேரின் கையெழுத்து வேண்டும். எங்கள் தெருவிலேயே அது கிடைத்துவிடும் என்று நம்பியிருந்தோம்.

போன மாதம் மண்டபத்தில் ஒரு கூட்டம் வைத்தோம். தண்ணீர்க் கட்டணம், வடிகால், தெருவிளக்கு என்று எல்லாம் பேசி முடிந்த பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, "கருக்கலைப்புச் சட்டத்தைப் பற்றி உங்கள் நிலை என்ன?" என்று கேட்டார். எங்கள் வேட்பாளர் மழுப்பவில்லை. "அந்தச் சட்டம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். பதினைந்து வயதுப் பிள்ளையை அவள் வீட்டுக்குள்ளேயே ஒருவன் கெடுத்தபோது, அவளைக் கிளினிக்குக்கு அழைத்துப்போனவள் நான். அவள் கை என் கைக்குள் நடுங்கியது எனக்கு இன்னும் மறக்கவில்லை" என்றார். மண்டபம் அமைதியாகிவிட்டது. கூட்டம் முடிந்ததும் தேநீருக்கு நிற்காமல் பலர் போய்விட்டார்கள்.

அதன் பிறகு கதவுகள் திறக்கிற விதமே மாறிவிட்டது. எதிர்வீட்டுக் கிறிஸ்தவக் குடும்பம் கோபப்படவில்லை. "ஆண்டவருக்கு நாங்கள் கணக்குச் சொல்ல வேண்டுமே, டீச்சர்" என்று மெதுவாகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். நான்கு வீடு தள்ளி ஒரு பெரியம்மா இருக்கிறார். பழுத்த சைவம். சித்ரா பௌர்ணமிக் காவடிக்கு விரதத்தில் ஒரு நாள்கூடத் தவறாதவர். எனக்குத் தட்டில் முறுக்கு வைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "உனக்காக என்ன வேண்டுமானாலும் செய்வேன் அம்மா. அந்தப் பெண்ணுக்கு மட்டும் என் ஓட்டு விழாது. ஒரு பிள்ளைக்காக நான் எத்தனை ஆண்டு பால்குடம் எடுத்தேன் என்று உனக்குத் தெரியுமா? வயிற்றில் தங்காமல் போனது எத்தனை என்று தெரியுமா?" எனக்குப் பதில் வரவில்லை. அந்தத் தட்டை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

என் சொந்த நிலையை ஒளிக்காமல் சொல்கிறேன்: அந்தச் சட்டம் இருக்க வேண்டும் என்பதே என் எண்ணமும். ஆனால் பெரியம்மாவை அறியாதவர் என்றோ பழங்காலத்து மனுஷி என்றோ சொல்கிற எவரோடும் நான் சேரமாட்டேன். எங்கள் தேர்தல் குழுவில் இரண்டு யோசனைகள் வருகின்றன. ஒன்று, அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்பது. இன்னொன்று, "அவர் சொன்னதைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள்" என்று சொல்லிவிடலாம் என்பது. இரண்டாவதை நான் செய்யமாட்டேன். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற வாயால் பொய் சொல்லி ஓட்டு வாங்க முடியாது.

அப்படியானால் எப்படிப் பேசுவது? இந்த ஒரு விஷயத்தில் உடன்படாமலேயே அவருக்கு ஓட்டளிக்கலாம் என்று ஒரு மனிதரிடம், அவர் மனம் புண்படாமல், எந்த வார்த்தையில் கேட்பது?

வெருலம் வாசகர்:

முதலில் யாருக்கு எந்த அதிகாரம் என்பதைப் பிரித்துக் காட்டுங்கள், டீச்சர். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

கருக்கலைப்பைப் பற்றிய சட்டம் 1996ஆம் ஆண்டின் 92ஆம் எண் சட்டம். 1997 பிப்ரவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. முதல் 12 வாரம் வரை பெண் கேட்டாலே போதும். 13 முதல் 20 வாரம் வரை, உடல்நலம், மனநலம், வன்கொடுமை, அந்தப் பெண்ணின் சமூக, பொருளாதார நிலை போன்ற காரணங்கள் உண்டா என்று மருத்துவர் பார்க்க வேண்டும். அதற்கு மேல் போனால் தாயின் உயிருக்கு ஆபத்து, சிசுவுக்குக் கடுமையான குறை போன்ற மிகச் சில காரணங்கள்தான். இதை இயற்றியது கேப்டவுனில் இருக்கிற நாடாளுமன்றம். மாற்றுவதானாலும் அதுதான் மாற்ற வேண்டும். 2017இல் ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் ஷெரிலின் டட்லி ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தார், அது ஏற்கப்படவில்லை. எந்த மருத்துவ நிலையத்தில் இதைச் செய்யலாம் என்று அங்கீகாரம் கொடுப்பதோ மாகாணச் சுகாதார அமைச்சர்.

வார்டு கவுன்சிலரின் கைக்கு வருவது என்ன? அரசியலமைப்பின் 4, 5ஆம் அட்டவணைகளில் உள்ளாட்சிக்கு ஒதுக்கியதைப் பாருங்கள்: குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால், மின் விநியோகம், குப்பை, தெருவிளக்கு, உள்ளூர்ச் சாலை, இடுகாடு. இதில் கருக்கலைப்பு எங்கே வருகிறது? உங்கள் வேட்பாளர் ஐந்தாண்டு கவுன்சிலில் உட்கார்ந்தாலும் அந்தச் சட்டத்தில் ஒரு காற்புள்ளியைக்கூட நகர்த்த முடியாது. அவரை எதிர்த்து நிற்கிறவராலும் முடியாது. இதைச் சொல்லுங்கள், போதும்.

சாட்ஸ்வொர்த் தமிழாசிரியை:

நன்றி ஐயா. இதை முதல் வாரமே சொல்லிப் பார்த்தோம். சிலரிடம் எடுபட்டது. ஆனால் பெரியம்மா என்ன சொன்னார் தெரியுமா? "அவளுக்கு அதிகாரம் இல்லை, சரி. அவள் மனம் எப்படிப்பட்டது என்று நான் பார்க்கக் கூடாதா? நாளைக்கு நீங்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். அந்த நாற்காலியில் உட்காரப்போவது அந்த மனம்தானே?"

அட்டவணையைக் காட்டி இதற்குப் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கேட்பது நியாயமான கேள்வி என்றே எனக்குப் படுகிறது.

டோங்காட், ஓய்வுபெற்ற நர்ஸ்:

தங்கச்சி, அந்தப் பெரியம்மாவின் கேள்விதான் சரியான கேள்வி. அதற்கு நான் என் பக்கத்திலிருந்து பதில் சொல்லிப் பார்க்கிறேன். என் பக்கம் உங்கள் பெரியம்மாவுக்கு நேர் எதிர்ப்பக்கம்.

எண்பதுகளில் டர்பனில் ஓர் அரசு மருத்துவமனையில் பெண்கள் வார்டில் இரவு வேலை பார்த்தேன். அப்போது இருந்தது 1975ஆம் ஆண்டுச் சட்டம். மருத்துவர்கள் ஒருவர் மேல் ஒருவராகச் சான்று தர வேண்டும்; வன்கொடுமை என்றால் மாஜிஸ்திரேட்டும் கையெழுத்துப் போட வேண்டும். நாடு முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஆயிரம் பேருக்குத்தான் அந்தக் கதவு திறந்தது. அவர்களில் பெரும்பாலோர் வசதியுள்ள வெள்ளைக்காரப் பெண்கள். எங்கள் வார்டுக்கு வந்தவர்கள் வேறு. வீட்டுப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, பல் கிட்டிப்போகிற காய்ச்சலோடு, ராத்திரி இரண்டு மணிக்கு வருவார்கள். யார் செய்தது என்று கேட்டால் வாயைத் திறக்கமாட்டார்கள், போலீஸ் வரும் என்ற பயம். சோப்புத் தண்ணீர், பின்னல் ஊசி. போர்வையை விலக்கும்போது வருகிற வாடையிலேயே நிலைமை எங்களுக்குத் தெரிந்துவிடும். சீழ் வைத்த கர்ப்பப்பையை எடுத்துவிட்டு உயிரைக் காப்பாற்றினால் அன்று நல்ல இரவு. 1994இல் ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது, அரைகுறையாகக் கலைந்த கருவோடு அரசு மருத்துவமனைகளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 45,000 பெண்கள் வருவதாகவும், 425 பேர் வரை இறப்பதாகவும் மதிப்பிட்டார்கள். புதிய சட்டம் வந்த பிறகு அந்தச் சாவு மளமளவென்று குறைந்தது. ஆகவே எனக்கு இது வெறும் கொள்கை அல்ல. நான் இமைகளை மூடிவிட்ட முகங்கள் அதில் இருக்கின்றன.

இப்போது கேளுங்கள். 2021 நவம்பர் 1 உள்ளாட்சித் தேர்தலில் என் வார்டு ஓட்டை நான் யாருக்குப் போட்டேன்? கருக்கலைப்பைக் கொலை என்று மேடையில் சொல்கிற ஒரு பெந்தெகொஸ்தே சபை மனிதருக்கு.

ஏன் என்று சொல்கிறேன். அந்த ஆண்டு ஜூலைக் கலவரத்தை இங்கே எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். கடைகள் எரிந்தன. ஒவ்வொரு தெருமுனையிலும் நம் ஆட்கள் டயரையும் மரக்கிளையையும் போட்டு மறித்தார்கள். பயம் நியாயமானது; ஆனால் அந்தப் பயத்தில் நடந்தவை எல்லாம் நியாயமானவை அல்ல. டர்பன் பக்கத்துப் பீனிக்ஸில் மட்டும் 36 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். எங்கள் தெரு மறிப்பிலும் ஒரு மாலை மூன்று பெண்களை நிறுத்திவிட்டார்கள். முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை பார்க்கிற ஜூலுப் பெண்கள், வீட்டுக்கு நடந்து போகிறவர்கள். ஒருத்தியின் பையைப் பிடுங்கித் தரையில் கொட்டினார்கள். ஒரு ரொட்டி, சாப்பாட்டு டப்பா, வேலைக்குப் போடுகிற ஏப்ரன். பையன்களில் ஒருவன் கையில் கிரிக்கெட் மட்டை இருந்தது. அப்போது இந்த மனிதர் நடுவில் வந்து நின்றார். கத்தவில்லை. குனிந்து ரொட்டியை எடுத்தார், மண்ணைத் தட்டிப் பைக்குள் வைத்தார். "இவர்களை என் வண்டியில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன். யாராவது தடுப்பதாக இருந்தால் என்னைத் தடுங்கள்" என்றார். அன்று மட்டும் அல்ல, அந்த வாரம் முழுவதும் வேலையாட்களை ஏற்றிப்போய் விட்டுவந்தார்.

அவர் பிறகு ஓட்டுக் கேட்டு என் வாசலுக்கு வந்தபோது நானே ஆரம்பித்தேன். மருத்துவமனை வார்டில் நான் பார்த்ததை எல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில், "அக்கா, இதில் நான் மாறமாட்டேன். உங்களையும் மாறச் சொல்லமாட்டேன். உயிர் எங்கே இருந்தாலும் அதைக் கைவிடக் கூடாது என்றுதான் என் அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தார்" என்றார். அந்த இடத்தில்தான் எனக்கு ஒன்று புரிந்தது. எந்த நம்பிக்கை அவரை என்னோடு முரண்பட வைக்கிறதோ, அதே நம்பிக்கைதான் அவரை அந்த மறிப்பின் நடுவில் கொண்டுபோய் நிறுத்தியது. ஒன்றை வெட்டி எறிந்துவிட்டு இன்னொன்றை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. அந்த மனிதர் முழுதாகத்தான் வருவார்.

உங்கள் பெரியம்மாவிடம் சொல்ல வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன். "அந்தக் கருத்தைப் பார்க்காதீர்கள், மற்றதைப் பாருங்கள்" என்று சொல்லாதீர்கள். பார்க்கட்டும், நன்றாகப் பார்க்கட்டும். நடுங்கிய பிள்ளையின் கையைப் பிடித்த மனம்தானே உதவித்தொகை நின்ற ஆயாவின் கையையும் பிடித்தது? நடுராத்திரியில் போனை எடுக்கிற மனம்தானே அது? முடிவு தவறு என்று பெரியம்மா சொல்லலாம். அந்த மனம் ஈரமில்லாதது என்று அவரால் சொல்ல முடியாது. அவருக்கே அது தெரிந்திருக்கும்.

இன்னொன்று. நம் பெருநகர உள்ளாட்சித் தேர்தலில் இரண்டு வாக்குச்சீட்டு தருகிறார்கள். ஒன்று வார்டு உறுப்பினருக்கு, மற்றது விகிதாசாரப் பட்டியலுக்காகக் கட்சிக்கு. 2021இல் வார்டுச் சீட்டில் அவருக்குப் போட்டேன். கட்சிச் சீட்டில் என் எண்ணத்துக்கு ஒத்த கட்சிக்குப் போட்டேன். என் மனசாட்சியை வீட்டில் வைத்துவிட்டு நான் சாவடிக்குப் போகவில்லை. உங்கள் வேட்பாளர் சுயேச்சை என்பதால் நீங்கள் கேட்பதே வார்டுச் சீட்டை மட்டும்தான். இதை எத்தனை பேர் விளக்கிச் சொல்கிறீர்கள்?

அவர் அந்தத் தேர்தலில் தோற்றார். அடுத்த ஏப்ரலில் பெருவெள்ளம் வந்து நீர் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி டோங்காட் மாதக்கணக்கில் தண்ணீர் லாரிக்குக் காத்திருந்தபோது, பதவி எதுவும் இல்லாத அந்த மனிதர்தான் எங்கள் தெருவில் நடக்க முடியாதவர்களின் வாளிகளைத் தூக்கினார். மறுபடி நின்றால் மறுபடி போடுவேன். நின்று நாடாளுமன்றத்துக்குப் போக நினைத்தால் எதிர்த்துத் தெருவில் இறங்குவேன். இரண்டையும் அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

பீனிக்ஸ், சபை உறுப்பினர்:

அக்கா எழுதியதை இரண்டு முறை படித்தேன். அந்த மருத்துவமனை வார்டில் நீங்கள் பட்டதற்கு முன்னால் தலை குனிகிறேன். ஆனாலும் உடன்படவில்லை, ஏன் என்று சொல்லிவிடுகிறேன். இந்தத் திரியில் எல்லோரும் ஒரே பக்கம் பேசிக்கொண்டிருப்பது நல்லதல்ல.

"கருத்து வேறுபாடு" என்ற சொல்லே எனக்குப் பொருந்தவில்லை. வடிகால் இந்தத் தெருவில் வெட்டலாமா அந்தத் தெருவில் வெட்டலாமா என்பது கருத்து வேறுபாடு. கருவில் இருப்பது உயிர் என்று நம்புகிற ஒருவனிடம், அதை ஓரமாக வைத்துவிட்டுத் தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசலாம் என்று சொன்னால், அவன் காதில் அது எப்படி விழும்? 1998இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம், அரசியலமைப்பின் உயிர்வாழும் உரிமை கருவுக்கு இல்லை என்று தீர்ப்பளித்தது. சட்டம் அப்படிச் சொல்கிறது, ஏற்கிறேன், கல்லெறியப் போகவில்லை. என் மனம் அந்தத் தீர்ப்போடு முடிந்துவிடவில்லை.

வெருலம் ஐயா சொன்ன அதிகார வாதமும் முழுதாக நிற்காது. இன்றைய வார்டு உறுப்பினர் நாளைக்கு மாகாணப் பட்டியலில் வருவார், அதற்கு அடுத்த நாள் கேப்டவுனில் உட்காருவார். முதல் படியில் ஏற்றிவிட்டவன் நான்தானே என்று எனக்குத் தோன்றாதா? 1996இல் நாடாளுமன்றத்தில் இந்தக் கருக்கலைப்புச் சட்டம் மசோதாவாக வந்தபோது ஆளுங்கட்சி தன் உறுப்பினர்களுக்கு மனசாட்சி ஓட்டுக்கூடக் கொடுக்கவில்லை. கட்சிக்குள் போனால் அப்படித்தான்.

ஆனால் டீச்சர் கேட்டது எப்படிப் பேசுவது என்று. என் வாசலுக்கு வந்தால் என்ன சொன்னால் நான் கதவைத் திறந்து வைத்திருப்பேன் என்று சொல்கிறேன். உங்கள் வேட்பாளரிடம் இரண்டு கேள்வி கேட்டு வாருங்கள்.

என் அண்ணன் மகள் நர்ஸ். இந்த வேலையில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு மனசாட்சிச் சுதந்திரத்தைத் தருகிறது. அவளைப் போன்றவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டும் என்கிறாரா, வேண்டாம் என்கிறாரா?

இரண்டாவது, நம் ஊரில் மின்கம்பம் மின்கம்பமாக, பஸ் நிறுத்தம் பஸ் நிறுத்தமாக ஒட்டியிருக்கிற அந்தத் துண்டுச் சீட்டுகள். "வலி இல்லை, ஒரே நாளில், மலிவு" என்று ஒரு போன் எண். டாக்டரும் கிடையாது, உரிமமும் கிடையாது. பள்ளிக்கூட வாசலுக்கு எதிரில்கூட ஒட்டுகிறார்கள். எங்கள் சபை இளைஞர்கள் ஒரு சனிக்கிழமை முழுவதும் சுரண்டி எடுத்தார்கள். திங்கட்கிழமை அதே கம்பத்தில் புதிதாக இருந்தது. கம்பமும் சுவரும் உள்ளாட்சியுடையவை. விளம்பரத்துக்குத் துணைவிதிகள் இருக்கின்றன. இதில் கவுன்சிலருக்கு அதிகாரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர் என்ன செய்வார்?

டோங்காட், ஓய்வுபெற்ற நர்ஸ்:

தம்பி, அந்தச் சீட்டு விஷயத்தில் நான் உங்களோடு கம்பம் சுரண்ட வருகிறேன். நிஜமாகவே சொல்கிறேன். அந்த எண்ணுக்குப் போன் செய்கிற பெண்கள்தான் இன்றைக்கும் என் பழைய வார்டில் போய்ப் படுக்கிறவர்கள். மூலைக்கடை அறையில் ஏதோ மாத்திரையைக் கையில் கொடுத்து, ரத்தம் நிற்காவிட்டால் தங்களைத் தெரியாது என்று சொல்லிவிடுவார்கள். சட்டப்படி அரசு கிளினிக்கில் இதற்குக் காசு கிடையாது, ஆலோசனையும் உண்டு. அந்த ஆலோசனை எந்தப் பக்கமும் தள்ளாததாக இருக்க வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இது தெரியாத பிள்ளைதான் கம்பத்தைப் பார்த்துப் போன் செய்கிறது.

உங்கள் அண்ணன் மகளைப் பற்றி: என்னோடு வேலை பார்த்தவர்களிலும் அப்படிச் சிலர் இருந்தார்கள், நல்ல நர்ஸ்கள். அவர்கள் விலகி நிற்கலாம், வழியை மறிக்கக் கூடாது. மறித்தால் 10ஆம் பிரிவின்படி குற்றம். ரத்தம் கொட்டுகிற பெண் வந்தால் எவரும் விலகி நிற்கவும் முடியாது. இந்தக் கோடு எங்கே என்று அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

படிக்கட்டு வாதத்துக்கு என்னிடம் பதில் இருக்கிறது. மேல்படியில் ஏறும்போதும் அவர் உங்களிடம்தான் வந்து கேட்க வேண்டும். அன்றைக்கு இல்லை என்று சொல்லுங்கள். ஓட்டு ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் கொடுக்கப்படுகிறது.

சாட்ஸ்வொர்த் தமிழாசிரியை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று எங்கள் வேட்பாளரிடம் இந்தத் திரியை முழுதாகப் படித்துக் காட்டினேன். சபை உறுப்பினரின் இரண்டு கேள்விக்கும் அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்.

கட்டாயப்படுத்துவதைப் பற்றி: "மனம் ஒப்பாத நர்ஸின் கையில் எந்தப் பெண்ணையும் ஒப்படைக்க நான் விரும்பமாட்டேன். அது அந்த நர்ஸுக்கும் கேடு, அந்தப் பெண்ணுக்கும் கேடு. ஆனால் பக்கத்து அறைக்கு வழிகாட்டிவிட வேண்டும்." சீட்டுகளைப் பற்றி அவர் யோசித்திருக்கவில்லை, சட்டென்று நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். பள்ளிகளைச் சுற்றியுள்ள தெருக்களிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். சபை இளைஞர்களைச் சந்திக்க முடியுமா என்றும் கேட்டார், ஓட்டுக்காக அல்ல என்று சொல்லச் சொன்னார்.

பிறகு பெரியம்மா வீட்டுக்கு அவரையே அழைத்துப் போனேன். துண்டறிக்கை எதுவும் எடுத்துப் போகவில்லை. ஆரம்பத்தில் பெரியம்மா முகம் கொடுத்தே பேசவில்லை. எங்கள் வேட்பாளர் தேர்தல் பேச்சை எடுக்காமல், "உங்களுக்குத் தங்காமல் போன பிள்ளைகளைப் பற்றி டீச்சர் சொன்னார். சொல்ல விருப்பம் இருந்தால் கேட்கிறேன்" என்றார். பெரியம்மா வெகுநேரம் பேசினார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்திருந்தாராம். தன் கணவருக்குக்கூடச் சொல்லாத பெயர்கள். அவற்றை நான் இங்கே எழுதப்போவதில்லை.

கிளம்பும்போதுதான் வேட்பாளர் சொன்னார்: "அம்மா, மண்டபத்தில் சொன்னதை நான் திரும்பப் பெறமாட்டேன். உங்களுக்கு அது தவறாகவே படலாம். அது தெரிந்தே நீங்கள் முடிவு எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான் நேரில் வந்தேன்." இரண்டு சீட்டு விஷயத்தையும் விளக்கினேன். பெரியம்மாவுக்கு அது தெரிந்திருக்கவில்லை. இத்தனை தேர்தலில் இரண்டிலும் ஒரே கட்சிக்குப் போட்டுவந்திருக்கிறார்.

ஓட்டுப் போடுவதாக அவர் சொல்லவில்லை. "கையெழுத்துத் தாளைக் கொடு. நிற்கிற உரிமை அவளுக்கு இருக்கிறது, அதற்குப் போடுகிறேன். மற்றதை நான் யோசிக்க வேண்டும்" என்றார். பெயரைத் தமிழில்தான் எழுதினார். எதிர்வீட்டுக் குடும்பத்தின் பதில் மாறவில்லை, இனி மாறும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் அவர்களும் கம்பம் சுரண்ட வருகிறார்கள்.

தேர்தல் குழுவிலும் முடிவு செய்துவிட்டோம். யார் வீட்டுக்குப் போனாலும், அவர்கள் கேட்பதற்கு முன்பே, இந்த விஷயத்தில் எங்கள் வேட்பாளரின் நிலை இதுதான் என்று நாங்களே சொல்லிவிடுவோம். அதனால் சில ஓட்டுகள் போகும் என்று இருவர் சண்டை போட்டார்கள். போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இப்போது எனக்கு ஓர் உதவி வேண்டும். வியாழக்கிழமை தெருக்கூட்டத்துக்கு முன் துண்டறிக்கை அச்சுக்குப் போக வேண்டும். அனுமதியில்லாத சுவரொட்டி பற்றிய துணைவிதியில் எந்தப் பிரிவின் கீழ் புகார் கொடுப்பது, அதை யாரிடம் கொடுப்பது என்று வெருலம் ஐயாவுக்குத் தெரிந்தால் நாளைக்குள் எழுதுங்கள். டோங்காட் அக்கா, கிளினிக்கில் காசு கிடையாது, ஆலோசனை உண்டு என்று நீங்கள் எழுதிய அந்த இரண்டு வரியையும் உங்கள் அனுமதியோடு அப்படியே அச்சிடலாமா?

டோங்காட், ஓய்வுபெற்ற நர்ஸ்:

தாராளமாக. ஜூலு மொழியிலும் அச்சிடுங்கள். அந்த எண்ணுக்குப் போன் செய்கிற பிள்ளைகள் நம் வீட்டுப் பிள்ளைகள் மட்டும் அல்ல. மொழிபெயர்க்க என்னோடு வேலை பார்த்த தோழி இருக்கிறார், இன்று இரவே அனுப்பச் சொல்கிறேன்.